சிவக்காத சீசா

"டாக்டர்க்கா... எங்கம்மா வவுத்துக்குள்ள யாரோ கத்திக்கினே கீறாங்க. அவங்கள வாய மூடச் சொல்ல முடியாதா?"

முன்பு ஒருநாள், முகாம் கூடாரத்தில் நின்று செவ்வந்தியின் மகள் சுவேதா கேட்ட கேள்வி அது. அப்போது அவளுக்குப் பால்பற்கள்கூட விழ ஆரம்பிக்கவில்லை.

டாக்டர் பிரியதர்ஷினி சிரிக்கவில்லை. வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறி இறங்கும் அந்த ஆராய்ச்சி மருத்துவர், அந்த நோயை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"முடியும் கண்ணு. கொஞ்சம் டைம் குடு."

டைம் கொடுத்தாள் சுவேதா. மருந்து வந்தது. அம்மாவின் வயிறு அடங்கியது.

இன்று...

ஆடி வெள்ளிக்கிழமை காலை... டாக்டரின் செல்போன் அலறியது!

"மேடம்... ரஞ்சித் பேசறேன்."

முகாமின் ஆண் நர்ஸ். குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறவன்.

"சின்னராஜ் அண்ணன் செத்துட்டாரு மேடம்."

"எந்த சின்னராஜ்?"

"நம்ம சின்னராஜ்தான். செவ்வந்தியோட அண்ணன். புளிமேட்டூர் கோயில் அறையில... தரையெல்லாம் ரத்தம்னு சொல்றாங்க. ஊசிதான் கொன்னுச்சாம். ஊரே கல்லோட நிக்குது. நீங்க மட்டும் வராதீங்க. ஜீப்பைக் கொளுத்திடுவாங்க."

பிரியதர்ஷினி சாவியை எடுத்தாள்.

"டீசல் ஃபுல்லா இருக்கு ரஞ்சித். நல்லா எரியும். வர்றேன்."

*

புளிமேட்டூர் எல்லையில் கற்களை அடுக்கி வழியை மறித்திருந்தார்கள்.

திருவிழாவுக்குக் காப்பு கட்டிய ஊர். வேப்பிலைத் தோரணம் காற்றில் ஆடியது. பம்பை மேளம் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது.

கூட்டத்தின் முன்னால் பூசாரி அர்ச்சுனன்.

மஞ்சள் வேட்டி. வயிற்றை மூடி இறுக்கிக் கட்டிய அகலமான மஞ்சள் துண்டு. மணிக்கட்டில் காப்பு. மலையையே அதட்டுகிற குரல்.

"எறங்காத. வந்த வழியே திருப்பு வண்டிய."

"பாடியைப் பார்க்கணும்" என்றாள் பிரியதர்ஷினி.

"கொன்னவங்களே வந்து பாக்கறதா? நான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கினேன். இது சாமி ரத்தத்துல எழுதுனது, அத ஊசியால அழிக்காதீங்கடான்னேன். கேட்டானா? இன்னிக்கு ரத்தத்துல கெடக்கறான். இனிமே இந்த ஊர்ல எவனுக்கும் எவளுக்கும் அந்த ஊசி கெடையாது."

"எனக்கு உண்டு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

செவ்வந்தி.

செத்தவனின் தங்கை. அழுது வீங்கிய முகம். அவிழ்ந்த கூந்தலைக் கட்டக்கூட இல்லை. நேராக நடந்து வந்தாள். ஜீப்பின் பம்பர்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"செத்தது என் கூடப் பொறந்தவன். கல்லு வுடறதா இருந்தா நான்தான் மொதல்ல வுடணும். நான் வுடல. வேற எவனுக்காவது கை அரிச்சா என் மேல வுடு."

யாரும் எறியவில்லை.

"செவ்வந்தி... எறங்குடி. ஆம்பளைங்க பேசறப்ப..." என்றான் அர்ச்சுனன்.

"பெரியண்ணா, நீ எங்களுக்குப் பங்காளி. நம்ம வம்சத்து நோவு உனக்கும் கீது. உனக்குத் தெரியாததா? கை கால் விழுந்து நான் கட்டையா கெடந்தேனே, அப்ப எம் பொண்ணு எனக்குக் கஞ்சி ஊட்டுனா. நான் அவளுக்கு ஊட்டற வயசுல அவ எனக்கு ஊட்டுனா. நீ வந்து எட்டிப் பாத்தியா? இந்த மாச ஊசி எனக்கு இன்னிக்கு. இன்னிக்கே போட்டுக்குவேன்."

அந்த நேரம் பார்த்து பிரியதர்ஷினியின் செல்போன் மறுபடி ஒலித்தது. தலைமை அலுவலகம்.

கேட்டாள். முகம் மாறியது. வைத்தாள்.

"செவ்வந்தி... நிறுத்தச் சொல்லிட்டாங்கம்மா. சாவுக்குக் காரணம் தெரியற வரைக்கும் யாருக்கும் போடக் கூடாதாம். மருந்துமேல தப்புன்னா ஆராய்ச்சியையே மூடிடுவாங்க."

மூடினால்...?

மறுபடி அந்த வலி. மறுபடி அந்தக் கட்டில். மறுபடி மகள் கையில் கஞ்சிக் கிண்ணம்.

செவ்வந்தி பம்பரிலிருந்து குதித்தாள்.

"காரணம் தெரிஞ்சா போடுவியா?"

"போடுவேன்."

"அப்ப தெரிஞ்சுக்கலாம். எறங்கு டாக்டரு."

*

போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் பாஞ்சாலை இறங்கினாள். கண்ணமங்கலத்துக்காரி. நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளிக்கிழமை என்றால் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. செருப்பைக் கழற்றி, கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கையில கல்லு வெச்சிருக்கறவங்க கீழ போட்டுடுங்க. எங்க ஏட்டு கருப்பனுக்கு மண்டை பெருசு. யாரு எங்க எறிஞ்சாலும் அவரு மேலதான் படும்."

ஏட்டு கருப்பன் அவசரமாகத் தொப்பியை அழுத்திக்கொண்டார்.

கற்கள் விழுந்தன.

கோயிலை ஒட்டிய சின்னக் கல் அறை. அந்த ஊரின் வழக்கம் அது. காப்பு கட்டியதும் கரகம் எடுக்கிறவன் அந்த அறைக்குள் போய்விட வேண்டும். வெளியே தாழ். திருவிழா அன்று கரகத்தோடுதான் வெளியே வருவான். சோறு கிடையாது. வெல்லம் கரைத்த பானகம் மட்டும். அதுவும் பூசாரி கையால்.

இந்த வருடம் கரகம் சின்னராஜுக்கு.

உள்ளே... முழங்காலை வயிற்றோடு அணைத்தபடி சுருண்டு கிடந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால், பலகணி வழியே வெயில் விழுந்த இடத்தில்... தரையில்...

கரும்சிவப்பாக ஒரு கறை!

"ரத்தம்மா" என்றார் கருப்பன்.

பிரியதர்ஷினி குனிந்தாள். பஞ்சில் தொட்டாள். மூக்கருகே கொண்டு போனாள்.

"ரத்தமில்லை."

"பின்ன?"

"சிறுநீர்."

"இன்னா டாக்டரம்மா, மாதுளம்பழம் பிழிஞ்சாப்ல கீது?"

"வெயில் பட்டா இப்படி ஆகும். அதுதான் இந்த நோயோட கையெழுத்து. போர்ஃபைரியா."

பாஞ்சாலை அவளை வெளியே வேப்பமர நிழலுக்கு அழைத்து வந்தாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ரத்தத்துக்கு வேண்டிய ஒரு சிவப்புப் பொருளைக் கல்லீரல் தயாரிக்குது. செங்கல் கை மாத்தறாங்களே, அந்த மாதிரி பல கை மாறணும். இந்தக் குடும்பத்துல நடுவுல ஒரு கை பிறவியிலேயே பலவீனம். வயித்துல சோறோ இனிப்போ இருந்தா முதல் கை அடங்கியிருக்கும்; சாப்பிடாம இருந்தா வெறி பிடிச்ச மாதிரி செங்கல் அனுப்பும். நடுவுல குவிஞ்சிடும். குவியறதெல்லாம் விஷம். வயிறு வலிக்கும், கை கால் விழும்... மூச்சே நிக்கும்."

"உங்க ஊசி?"

"முதல் கைக்கு வேலை பாருன்னு மரபணு ஒரு சீட்டு எழுதி அனுப்பும். ஆர்.என்.ஏன்னு பேரு. எங்க ஊசியில இருக்கறது அதோட சரியாப் பொருந்தற ஒரு குட்டித் துண்டு. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. அது அந்தச் சீட்டைத் தேடிப் பிடிச்சுக் காட்டிக் குடுக்கும். செல்லே அதை வெட்டிப் போட்டுடும். மரபணு கத்திக்கிட்டே இருக்கும். ஆனா அதோட சத்தம் யாருக்கும் போய்ச் சேராது."

"எனக்கு வர வேண்டிய ட்ரான்ஸ்ஃபர் ஆர்டரையும் எவனோ இப்படித்தான் வெட்டிக்கினு இருக்கான்" என்றாள் பாஞ்சாலை. "சரி, இதுல உங்களுக்கு இன்னா ஒதைக்குது?"

"ஊசி வேலை செஞ்சிருந்தா அந்தத் தரை செவந்திருக்காது. சின்னராஜுக்கு மாசா மாசம் போட்டிருக்கு. டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் அருமையா வந்துச்சு. ஆனா..."

"ஆனா?"

"அந்த உடம்புல மருந்தே இல்லை இன்ஸ்பெக்டர்."

பாஞ்சாலையின் கண்கள் மெல்லத் திரும்பின.

கூட்டத்தின் ஓரத்தில், குளிர்பெட்டியைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான் ரஞ்சித். அவன் உதடு வெளுத்திருந்தது.

"தம்பி, ஊசி நீதான் போட்ட?"

"ஆமாம்மா."

"மருந்துதான் போட்டியா?"

ரஞ்சித் குளிர்பெட்டியின் மூடியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"யோசிச்சு வை. அப்புறமா வர்றேன்."

*

செவ்வந்தி அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து மத்தியானம் உள்ளேர்ந்து கத்துனான் இன்ஸ்பெக்டரம்மா. வெளிய பம்பை அடிச்சுக்கினு இருந்தாங்க. அருள் வந்துடுச்சுன்னு பூசாரி சொன்னாரு. ஊரே கும்பிட்டுச்சு. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். எங்கண்ணன் வலியில கத்துனத நான் கும்பிட்டேன்மா."

பாஞ்சாலை அவள் தலையைத் தொட்டாள். ஒரு கணம்தான். பிறகு அர்ச்சுனனிடம் போனாள்.

"பூசாரியாரே, வணக்கம். பானகம் குடுத்தீங்களா அவருக்கு?"

"வேளா வேளைக்கு. என் கையாலயே."

"வெல்லம் போட்டுத்தானே?"

"வெல்லம் இல்லாம பானகமா? இன்னா கேள்வி இது?"

"ஒண்ணுமில்ல. உள்ள போய்ப் பாத்தேன். சொம்பு கீது. சிந்தின தடம் கீது. ஒரு எறும்பு இல்ல. எங்க வூட்டுல சர்க்கரை டப்பாவ நெனச்சாலே எறும்பு வந்துடும்."

அர்ச்சுனன் ஒரு நொடி தடுமாறினான். ஒரே நொடி!

"அம்மன் சந்நிதிம்மா. எறும்புகூட அடக்கமா இருக்கும்."

"இருக்கட்டும். உங்களுக்கும் இதே நோவு உண்டாமே?"

"இருந்துச்சு. இந்த டாக்டரே சோதிச்சு ஊரறியச் சொன்னா. ஊசி போட்டுக்கோன்னு கெஞ்சுனா. நான் மாட்டேன்னுட்டேன். அம்மனே எடுத்துட்டா! காப்பு கட்டுனதுலேர்ந்து நானும் சோறு தொடல. பாரு, கல்லு மாதிரி நிக்கறேன்."

"நம்பறது கஷ்டமா கீதே."

அர்ச்சுனன் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினான்.

"இவளுக்குச் சந்தேகமாம்! சோதிச்சுக்கட்டும். ஊருக்கு முன்னாடி சோதிச்சுக்கட்டும். என் மூத்திரத்த சீசாவுல புடிச்சு வெயில்ல வைக்கட்டும், செவந்தா நான் பூசாரி இல்ல. செவக்கலன்னா... இந்த டாக்டரு ஜீப்ப எடுத்துக்கினு மலைய வுட்டு எறங்கணும். திரும்பி வரக் கூடாது."

"ஒத்துக்கறேன்" என்றாள் பிரியதர்ஷினி.

செவ்வந்தி பதறினாள். "டாக்டரு, இன்னா பண்ற?"

"இந்த நோய் போகாது செவ்வந்தி. பட்டினி இருந்தா கண்டிப்பா செவக்கும். எனக்குத் தெரியும்."

*

"கோயில் பக்கம் வேணாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் பாஞ்சாலை. "ஜீப் பானட்டு மேல வைங்க."

மூன்று கண்ணாடிச் சீசாக்கள். ஒன்று ஊசி போட்டுக்கொள்ளும் செவ்வந்தியுடையது. ஒன்று அர்ச்சுனனுடையது. நோயில்லாதவருக்கு எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று...

"எனக்கு இன்னாத்துக்கும்மா?" என்றார் கருப்பன்.

"நீங்க அரசாங்க ஊழியர். ஒத்துழைப்புக் குடுங்க."

சீசாக்கள் மாறிவிடாமல் இருக்க பாஞ்சாலையே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உதடுகள் மட்டும் அம்மன் பெயரை முணுமுணுத்தன.

வெயில் ஏறியது.

கூட்டம் கண் கொட்டாமல் பார்த்தது. ஏர் ஓட்டப் போனவர்கள்கூட, விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தது.

செவ்வந்தியின் சீசா... வெளிர் மஞ்சள்.

கருப்பனின் சீசா... கொஞ்சம் அடர்த்தியான மஞ்சள். ("தண்ணி நெறைய குடிங்க ஏட்டு" என்றாள் டாக்டர்.)

அர்ச்சுனனின் சீசா...

சிவக்கவில்லை!

ஊற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக நின்றது.

"அம்மா தாயே!" என்று யாரோ கூவினார்கள். பம்பை முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். நாலைந்து பேர் அர்ச்சுனனின் காலில் விழுந்தார்கள்.

அர்ச்சுனன் சிரித்தான்.

"எறங்கு டாக்டரு. வாக்குக் குடுத்த."

பிரியதர்ஷினி அசையவில்லை. சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மெல்ல விரிந்தது. குனிந்து பாஞ்சாலையின் காதில் ஏதோ சொன்னாள்.

பாஞ்சாலை எழுந்தாள். சட்டைச் சுருக்கத்தை நீவிவிட்டாள். அர்ச்சுனனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஜெயிச்சுட்டீங்க பூசாரியாரே. நான் கூட அம்மனக் கும்பிடறவதான். எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்த வவுத்துக் கட்ட அவுத்துக் காட்டுங்க."

"இன்னாத்துக்கு?"

"அம்மன் குணமாக்கின வவுறு. தரிசனம் பண்ணிக்கறோம். நான்தான் மொதல்ல விழுவேன்."

"காப்பு கட்டுன ஒடம்ப யாரும் தொடக் கூடாது."

"நான் தொட மாட்டேன். நீங்களே அவுத்துடுங்க."

"காட்டு பூசாரி" என்றார் காலில் விழுந்திருந்த ஒரு கிழவர், கண்ணில் நீரோடு. "நாங்களும் பாத்துக்கறோம்."

"காட்டுங்க சாமி."

"அம்மன் தொட்ட எடத்தக் காட்டு."

பக்தர்கள் நெருங்கினார்கள். அர்ச்சுனன் பின்வாங்கினான். முதுகு ஜீப்பில் இடித்தது.

மிரட்டும் கூட்டத்தை அவன் அடக்கியிருப்பான். கும்பிடும் கூட்டத்தை என்ன செய்வது?

கிழவரே பயபக்தியோடு முடிச்சின் நுனியை இழுத்தார்.

மஞ்சள் துண்டு அவிழ்ந்து விழுந்தது.

தொப்புளுக்கு இரண்டு பக்கமும்... வட்ட வட்டமாய்ச் செந்தடிப்புகள். பழையவை மங்கியிருந்தன. ஒன்று மட்டும் புதிது.

செவ்வந்தி முன்னால் வந்தாள். சேலைத் தலைப்பைக் கொஞ்சம் விலக்கித் தன் இடுப்பைக் காட்டினாள். அதே வட்டம்.

"ஊசி போட்ட எடம்" என்றாள். குரல் கல்லாக இருந்தது. "எனக்கும் இப்படித்தான் கீது, பெரியண்ணா."

பம்பை நின்றது.

"சீசா செவக்கல பூசாரியாரே" என்றாள் பாஞ்சாலை. "வவுறு செவந்து கீது."

*

ரஞ்சித் குளிர்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பாஞ்சாலையின் முன்னால் மண்டியிட்டான்.

"அது சின்னராஜ் அண்ணனோட ஊசிம்மா. அவருக்கு நான் வெறும் தண்ணிதான் போட்டேன். டெஸ்டுக்கு அனுப்புனதும் பூசாரியோடதுதான்."

"எதுக்குடா? உன்ன மெரட்டுனானா?"

"மெரட்டுனாரு. ஆனா... அதனால போடல. சின்னராஜ் அண்ணன்தான் போடச் சொன்னாரு."

செவ்வந்தி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"இன்னாடா சொல்ற?"

"நெசமாக்கா. பங்குனியில பூசாரிக்கு வலி வந்துடுச்சு. கொல்லை மோட்டுல வாயில துணியக் கடிச்சுக்கினு துடிச்சவர அண்ணன்தான் தூக்குனாரு. ஊருக்கு முன்னாடி வேணாம்னு சொன்ன ஊசிய எப்படிக் கேக்கறது? 'யாருக்கும் தெரியாம எனக்குப் போடு, இல்லன்னா முகாமே இந்த ஊர்ல நடக்காது'ன்னாரு பூசாரி. மருந்து ஆளுக்கு ஒண்ணுதான் வரும். மிச்சம் வராது. அப்பதான் அண்ணன் சொன்னாரு... 'என்னோடத அவருக்குப் போடு. முகாம் நின்னா எந்தங்கச்சிக்கு நின்னுடும். அவ மறுபடி படுக்கக் கூடாது. நான் வெல்லத்தக் கடிச்சுக்கினே ஓட்டிடுவேன்'னாரு."

செவ்வந்தி அண்ணன் கிடந்த அறையின் பக்கம் திரும்பினாள்.

தன் தங்கையின் ஊசி நிற்கக் கூடாது என்பதற்காக, தன் ஊசியை விட்டுக்கொடுத்திருக்கிறான் ஒருவன். ஒரு சொல் வெளியே சொல்லாமல்.

"அப்புறம் எதுக்கு அவனைச் சாவடிக்கணும்?" என்றார் கருப்பன்.

"அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'இந்த ஊர்ல இன்னும் சில பேரு உனக்குப் பயந்துக்கினு வலியோட வூட்டுக்குள்ள கெடக்கறாங்க. திருவிழாவுல நீயே சொல்லிடு பெரியண்ணா, நானும் ஊசி போட்டுக்கறேன்னு. அவங்களும் வருவாங்க. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்'னாரு. மறுநாளே பூசாரி அவருக்குக் கரகம் குடுத்துட்டாரு. பானகம் கெடைக்கும்னு நம்பித்தான் அண்ணன் உள்ள போனாரு. எனக்கும் அது தைரியமா இருந்துச்சு. நான் வாயத் தொறந்திருக்கணும்மா."

பாஞ்சாலை கண்களை மூடித் திறந்தாள்.

பசி என்ன செய்யும் என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் அர்ச்சுனன். தன் உடம்பால் தெரிந்தவன். கத்தியில்லை, கயிறில்லை. வெல்லம் போடாத ஒரு சொம்புத் தண்ணீர்... வெளியே ஒரு தாழ்... கதறலை மறைக்க ஒரு பம்பை!

அம்மன் பட்டினியைக் கேட்டதே இல்லை. கேட்டவன் இவன்.

"தாழ் போடறது வழக்கம்" என்று உறுமினான் அர்ச்சுனன். "வழக்கத்தத்தான் செஞ்சேன்."

"எங்க டிபார்ட்மென்ட்லயும் அந்த வழக்கம் உண்டு" என்றாள் பாஞ்சாலை.

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

*

பிரியதர்ஷினி தலைமை அலுவலகத்துக்குப் பேசினாள். நீளமாகப் பேசினாள். இரண்டு தடவை குரலை உயர்த்தினாள். இன்ஸ்பெக்டரையும் பேச வைத்தாள். கடைசியில், "மருந்து கொல்லலைங்க. மருந்து கிடைக்காததுதான் கொன்னுச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்துப் பதிலுக்குத் தலையாட்டினாள்.

"செவ்வந்தி, வா."

பானட்டைக் கழுவித் துடைத்தார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள் செவ்வந்தி. மறைவுக்குக் கருப்பன் ஒரு போர்வையைப் பிடிக்க வந்தார்.

"வேணாம் ஏட்டய்யா. பாக்கட்டும்."

ஊர் பார்க்க ஊசி போட்டுக்கொண்டாள். இறங்கினாள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"டாக்டரு... எனக்கும் வவுறு வலிக்கும். சொன்னதில்ல."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் ஒரு இளைஞன்.

போலீஸ் ஜீப்பில் அர்ச்சுனன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்த கருப்பனின் கையைத் தட்டிவிட்டான்.

"சாவறேன் வுடு. ஒண்ணும் வேணாம்."

"இதே பட்டினி, அடுத்த மாசம் ஊசியும் இல்லைன்னா இவர் பிழைக்கறது கஷ்டம்" என்றாள் பிரியதர்ஷினி தாழ்ந்த குரலில். "ஆராய்ச்சியில இவர் பேர் இல்லை. நான் எழுதிக் கேட்கணும். கேட்கறதா வேண்டாமான்னே தெரியல."

"கேளு" என்றாள் செவ்வந்தி.

"உங்கண்ணனைக் கொன்னவரும்மா."

"தெரியும். எங்கண்ணன் தன் உசுரக் குடுத்து அந்த ஒடம்பக் காப்பாத்தி வெச்சிருக்கான். அத நான் எதுக்குச் சாவ வுடணும்?"

ஜீப்பின் அருகே போனாள். கீழே உருண்ட டம்ளரை எடுத்துத் துடைத்து, மறுபடி குளுக்கோஸ் ஊற்றி, கம்பி வழியாக நீட்டினாள்.

"குடி பூசாரி. நீ செத்துட்டா கோர்ட்டுல கூண்டுல யாரு நிக்கறது? உசுரோட நின்னு பதில் சொல்லு. அதுக்கு இன்னா மருந்து வேணுமோ, நானே வாங்கித் தர்றேன்."

அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல், அர்ச்சுனன் டம்ளரை வாங்கிக் குடித்தான்.

*

ஆவணி.

சாமைக் கொல்லைகளில் பயிரைவிடப் புல் வேகமாக எழுந்திருந்தது. சின்னராஜின் கொல்லையில் இன்னும் மோசம். காரியம், கோர்ட்டு, வக்கீல் என்று அலைந்த செவ்வந்திக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை.

ஒரு விடியற்காலை. பனி மூட்டம்.

ஜாமீனில் வந்திருந்த ரஞ்சித், முதல் நாள் கடைசி பஸ்ஸில் மலையேறி, எங்கோ தங்கி, இருள் பிரியும் முன்பே அந்தக் கொல்லைக்குள் இறங்கினான். வேலை போய்விட்டது. வழக்கு நடக்கிறது. அதெல்லாம் சட்டத்துக்குக் கட்ட வேண்டியது. இது வேறு. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

குனிந்தான். பிடுங்கினான். விரல்கள் கிழிந்தன. நிமிராமல் பிடுங்கினான். சூரியன் தலைகாட்டும் முன்பே, வரப்பில் கைகூப்பி நின்றுவிட்டு, முதல் பஸ்ஸுக்கு ஓடினான்.

யாரும் பார்க்கவில்லை.

வெயில் வந்த பிறகு, களைக்கொத்தோடு வந்த செவ்வந்தி திகைத்து நின்றாள்.

கொல்லை துடைத்து விட்டதுபோல இருந்தது. ஈர மண்ணில் ஷூ தடம். ஷூ போட்டுக்கொண்டு களையெடுக்கிறவன் அந்த மலையிலேயே கிடையாது.

புரிந்தது.

ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. தடங்களைத் தன் வெறுங்காலால் மெல்ல மிதித்து அழித்தாள். இதை யாருக்கும் சொல்லப் போவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டாள்.

பிறகுதான், வரப்பில் அழகாகக் கட்டி அடுக்கியிருந்த களைக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள்.

பாதி புல். மீதிப் பாதி... நல்ல பச்சைச் சாமை!

எத்தனையோ நாளைக்குப் பிறகு செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. வேர் காயாத நாற்றுகளைப் பொறுக்கி, மறுபடி மண்ணில் நட்டுக்கொண்டே சொன்னாள்:

"நல்ல பையன்தான்டா நீ. ஆனா நாளைக்கும் வந்து கடன் தீர்த்தீன்னா, எங்களுக்குக் கஞ்சிக்கு ஒண்ணும் மிஞ்சாது!"